மூன்று உருண்டைகள் ஒரே வரிசையில்

பேராசிரியர் குரெபயாஷிக்கு இந்தப் பிரபஞ்சத்திடமிருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மூன்று உருண்டைகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரயில் நிலையத்து வாசலில் தாங்கோ விற்கும் பெண் மூன்று மாவு உருண்டைகளைக் குச்சியில் குத்தி அதைத்தான் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள். பேராசிரியரின் உருண்டைகளோ அணுக்கருவுக்குள் இருந்தன. குத்தி நிறுத்தக் குச்சி கிடையாது.

ஹீலியத்தின் கரு இருக்கிறதே, இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்ட உருண்டை, அதுதான் விஷயம். அப்படி மூன்று சேர்ந்தால் கார்பன். சாதாரணக் கார்பனில் அவை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஒரே மொத்தையாகக் கிடக்கும். கூடுதலாக நான்கு நியூட்ரான்களை உள்ளே விட்டால் அவை பசைபோல ஓடி ஒட்டிக்கொண்டு, மூன்று உருண்டைகளையும் ஒரே கோட்டில் இழுத்து நிறுத்திவிடும் என்று குரெபயாஷி தன் இளமையில் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்தக் கணக்கு அவருக்குப் பேராசிரியர் பதவி, இரண்டு பதக்கங்கள், மாடியில் ஒரு முழு ஆய்வகம் எல்லாவற்றையும் கொடுத்தது. உலகத்தில் பலர் அதைக் ‘குரெபயாஷி வரிசை’ என்றே அழைத்தார்கள். கார்பனுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

இந்த மார்ச்சோடு அவருக்கு ஓய்வு. மினெகிஷி சயோகோவுக்கும் மார்ச்சோடுதான் வேலை முடிகிறது. அவர் அறுபத்தைந்து வயதுப் பேராசிரியர். அவள் முப்பத்தேழு வயது உதவிப் பேராசிரியை, மூன்றாவது தவணை ஒப்பந்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் இருப்பவள். அவருக்கு இறுதி விரிவுரை, விருந்து, பெயருக்கு முன்னால் ஒரு கௌரவப் பட்டம். அவளுக்கு, அறைச் சாவியைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு மின்னஞ்சல். ஒப்பந்தம் நீள வேண்டுமானால் அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் மனது வைக்க வேண்டும். அடுத்து உட்காரப் போகிறவர் இணைப் பேராசிரியர் அரிமத்சு.

அரிமத்சு தங்கமான மனிதர். ‘முடியாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை. “கொஞ்சம் யோசிச்சுப் பார்ப்போமே” என்பார். அதன்பிறகு அந்த விஷயம் பூமியில் இருந்த சுவடு இருக்காது. ஆய்வகத்தில் யாருக்குப் பேராசிரியரிடம் எது சொல்ல வேண்டியிருந்தாலும் அரிமத்சுவிடம் சொன்னால் போதும், அவர் சொல்லிவிடுவார். எந்த விதிப் புத்தகத்திலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

நவம்பரில் அவர்களுக்குத் துகள் முடுக்கியில் நேரம் கிடைத்தது. மலை அடிவாரத்தில் இருந்த அந்தப் பெரிய எந்திரத்தில் நேரம் வாங்க நாட்டிலுள்ள எல்லா ஆய்வுக்குழுக்களும் வரிசையில் நின்றன. இவர்களுக்குக் கிடைத்தது ஒரு வாரம். அதற்கு விண்ணப்பித்த அன்றைக்கே பேராசிரியர் தக்காசாக்கியிலிருந்து ஒரு தாருமா பொம்மை வாங்கி வந்து, வேண்டிக்கொண்டு, அதற்கு ஒரு கண் வரைந்திருந்தார். வேண்டுதல் பலித்தால்தான் மறு கண். உருண்டைச் சிவப்பு முகமும் ஒற்றைக் கண்ணுமாக அது கட்டுப்பாட்டு அறைத் திரைகளுக்கு மேலே உட்கார்ந்து எல்லாரையும் முறைத்தது. பக்கத்தில் கோயில் தாயத்து, அதற்குப் பக்கத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கைப் பலகை. ஆபத்து எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தடுத்துவிடலாம்.

செய்முறை எளிது, செய்வதுதான் கஷ்டம். நியூட்ரான் மிகுந்த பெரிலியம் கருக்களைக் கற்றையாக ஹீலிய வாயு நிரப்பிய தொட்டிக்குள் அடிப்பார்கள். எப்போதாவது ஒரு பெரிலியம் ஒரு ஹீலியத்தோடு மோதி, இரண்டும் கண நேரம் ஒட்டிக்கொண்டு அந்தக் கார்பனாகும், உடனே பிரிந்துவிடும். ஹீலியம் முன்பக்கம் பறந்து வந்து உணரியில் விழும். எவ்வளவு ஆற்றலோடு விழுகிறது என்று பார்த்தால், ஒட்டியிருந்த நேரத்தில் கார்பன் எந்த நிலையில் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். வரிசை உண்மையானால், பேராசிரியர் சொன்ன ஆற்றலில் படத்தில் ஒரு மேடு எழும்ப வேண்டும்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேடு எழும்பியது.

சாதாரணமாகப் பேராசிரியரைக் கட்டுப்பாட்டு அறைக்குள் விடமாட்டார்கள். காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்; கைக்கு எட்டும் குமிழ்களையெல்லாம் திருகிப் பார்ப்பார். அன்றைக்கு அவரே ஒரு பெட்டி இனிப்போடு மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு, சென்செய்,” என்றார் அரிமத்சு, ஆசிரியரை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு. “நீங்க சொன்ன அதே எடத்துல.”

திரையில் இருந்தது ஒரு சின்ன மேடு. மொத்தம் சில பத்து நிகழ்வுகள். இன்னும் ஐந்து நாள் கற்றை பாக்கி. உலகத்தின் வேறு எந்த மூலையிலாவது இருந்தால் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். இங்கே யாரோ தூரிகையும் மையும் எடுத்து வந்துவிட்டார்கள். பேராசிரியர் தாருமாவுக்கு இரண்டாவது கண்ணை வரைந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். சயோகோவும் தட்டினாள். புகைப்படம் எடுத்தார்கள். அந்த நிமிடத்தோடு இயற்கையின் சம்மதம் தேவையில்லாமல் போனது. வரைந்த கண்ணை எப்படி அழிப்பது என்பதற்கு எந்தக் கோயிலிலும் சடங்கு கிடையாது.

அதற்கப்புறம்தான் படிகம் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது.

படிகம் சயோகோவின் யோசனை. மோதலில் பெரிலியம் சும்மா திரும்பிப் போகாமல், கொஞ்சம் ஆற்றலைத் தானே விழுங்கிக்கொண்டு போவதும் உண்டு. அப்படி விழுங்கிய பெரிலியம் அடுத்த கணமே அதை ஒரு காமா கதிராகத் துப்பிவிடும். துப்புகிறதா என்று பார்க்கத்தான் வேறொரு துறையிலிருந்து காமா கதிர் பட்டால் பளிச்சிடும் ஒரு பழைய படிகத்தை இரவல் வாங்கி வந்து தொட்டிக்கு அடியில் கட்டி வைத்திருந்தாள். திட்டத்தில் அதற்குப் பெயர்கூட இல்லை. “அடியில் இருப்பது” என்று சொல்வார்கள். இப்போது பார்த்தால், மேட்டில் விழும் நிகழ்வுகளின்போது மட்டும் அது அவ்வப்போது பளிச்சிட்டது. மற்ற நேரத்தில் கப்சிப்.

சாயங்காலக் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னாள். பேராசிரியர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார், நல்ல செய்தியை நாலு பேரிடம் சொல்ல.

அரிமத்சு கேட்டார்: “படிகம் ரொம்பப் பழசு இல்ல?”

“பழசுதான்.”

“ஈரம் ஏறியிருக்கும். இந்த மாதிரிப் படிகத்துக்கு ஈரம் ஆகவே ஆகாது.”

“ஈரம் ஏறினா மேடு வரும்போது மட்டுமா சார் பளிச்சிடும்?”

“அதான் சொல்றேன். ஒடம்பு சரியில்லாதது எப்ப எப்படி நடந்துக்கும்னு யாருக்குத் தெரியும், மினெகிஷி-சான்?”

மேசையைச் சுற்றி எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒரு உணரி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் உணரியைச் சந்தேகிக்கலாம், அதில் தப்பில்லை. இங்கே நடந்தது அதுவல்ல. படிகம் எந்த உணரியோடும் சண்டை போடவில்லை. தாருமாவோடுதான் போட்டது. காரிடாரில் காபி எந்திரம் அன்று காலைதான் பழுது நீங்கியிருந்தது. அதில் ஒட்டியிருந்த ‘சரிசெய்யப்படுகிறது’ அட்டை சும்மாதான் இருந்தது. மறுநாள் பார்த்தால் அது படிகத்தின்மேல் ஒட்டப்பட்டிருந்தது.

குளிர்காலம் முழுவதும் சயோகோ தரவுகளோடு குடித்தனம் நடத்தினாள். அட்டையை அவள் மதிக்கவில்லை. படிகத்தின் முன்னால் தெரிந்த கதிரியக்கப் பொருளை வைத்துப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சரியான இடத்தில் சரியான அளவு காட்டியது. ஈரமும் இல்லை, நோவும் இல்லை. பிறகு மேட்டின் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். படிகம் எல்லாக் காமா கதிரையும் பிடிக்காது, நூற்றில் சிலவற்றைத்தான் பிடிக்கும். மேடு முழுவதுமே விழுங்கிய பெரிலியத்தின் வேலை என்றால் எத்தனை பளிச்சு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டாள். அத்தனைதான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதாவது, பெரிலியம் வழியில் விழுங்கியதால்தான் ஹீலியம் இளைத்து வந்து சேர்ந்தது. வாசலில் நின்ற இவர்கள் அதை அறியாமல், கார்பனே அந்த நிலையில்தான் இருந்தது என்று எழுதி வைத்துவிட்டார்கள். வழியில் பையன் பாதியைக் குடித்துவிட்டுக் கொண்டு வந்த செம்பைப் பார்த்து, மாடு இவ்வளவுதான் கறந்தது என்று எழுதுவது போல. மேட்டுக்கும் கார்பனுக்கும் சம்பந்தமில்லை. மூன்று உருண்டைகள் வரிசையில் நிற்கின்றனவா என்பது பற்றி அந்த ஒரு வாரக் கற்றை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஜனவரி முடிவில், கையில் நாலு படங்களோடு அவள் அரிமத்சுவின் அறைக்குப் போனாள். அவர் கவனமாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை. முட்டாளாக இருந்திருந்தால் அவள் இன்னும் ஒரு முறை விளக்கியிருப்பாள்.

“நல்ல வேலை செஞ்சிருக்கீங்க,” என்றார். “ரொம்ப நல்ல வேலை.”

“அப்ப மேட்டை எடுத்துடலாமா?”

“சென்செயோட இறுதி விரிவுரை மார்ச் தொடக்கத்துல. ஐரோப்பாவுல இருந்துகூட ரெண்டு பேர் வர்றாங்க. அவரோட மனைவி முன்வரிசையில உக்காருவாங்க.”

“அவங்க மனைவிக்காக பெரிலியம் காமாவைத் துப்பாம இருக்குமா சார்?”

அரிமத்சு சிரித்தார். அவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. “நீங்க இப்படிப் பேசறது எனக்குப் பிடிக்கும். ஆனா எடம் பொருள் பாத்துப் பேசணும். சரி, நான் சென்செய்கிட்டச் சொல்றேன். நீங்க எதுவும் செய்ய வேணாம்.”

“எப்ப சொல்வீங்க?”

“சொல்றேன்.”

அடுத்த வாரம் ஆய்வகத்துக் காபி எந்திரத்தின் அருகே அவரே வந்து நின்றார். அந்த எந்திரத்துக்கும் உடம்பு சரியில்லை. அட்டை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

“சொன்னேன்,” என்றார் அடங்கிய குரலில். “கேட்டுக்கிட்டார். ‘விரிவுரை முடியட்டும், இப்ப அப்படியே விட்டுடுங்க’ன்னார்.”

“அவரேவா?”

“அவரேதான். வயசானவர், மினெகிஷி-சான். நாம புரிஞ்சுக்கணும்.” ஒரு பொத்தானை அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. “ஏப்ரல்ல இந்த ஆய்வகம் என் கைக்கு வருது. உங்களை மறந்துட மாட்டேன். கட்டுரைல முதல் பேரு உங்களோடதுதான், அதுல மாற்றமே இல்ல.”

ஒரே மூச்சில் லஞ்சமும் மிரட்டலும். இரண்டுக்கும் நடுவில் பல்லிடுக்கில் நூல் நுழைகிற இடம்கூட இல்லை. பொய் என்று தெரிந்த மேட்டின்மேல் முதல் பெயர் அவளுடையது. வாயைத் திறக்காவிட்டால் வேலை நீளும். நாளைக்கு வேறு நாட்டில் யாராவது அதே சோதனையைச் செய்து பார்க்கும் நாள்வரை நீளும். திறந்தால் ஏப்ரலில் தெருவில் நிற்க வேண்டும்.

அன்றிலிருந்து அவளுக்குக் குரெபயாஷியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அதற்குமுன் அவரை அவளுக்குப் பிடிக்கும். கணக்கில் சின்னப் பிசகு கண்டால் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாத மனிதர் என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவர் காரிடாரில் எதிரில் வந்து, இடுப்பை வளைத்து, “எல்லாம் உங்களாலதான், மினெகிஷி-சான். நீங்க வரைஞ்ச அந்த மேட்டுப் படத்தைத் தினமும் எடுத்துப் பாக்கறேன்,” என்று சொன்னபோது, ‘என்ன நடிப்பு, என்ன நடிப்பு’ என்று மனதுக்குள் பல்லைக் கடித்தாள். பதிலுக்குத் தானும் வளைந்தாள். ஆய்வகத்தில் யார் எங்கே என்று காட்டும் காந்தப் பலகையில் அவர் பெயர் எப்போதும் ‘அறையில்’ என்ற கட்டத்தில்தான் இருந்தது. அவருடைய அறைக் கதவு திறந்தேதான் இருக்கும். அவள் அறையிலிருந்து மூன்றாவது கதவு. கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகி, ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு தடவை அவள் கால் தானாகவே தயங்கியது. திருடனிடம் போய்த் திருடினாயா என்று கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நடந்தாள். அதோடு, அரிமத்சுவைத் தாண்டிக்கொண்டு போனதாக ஆகிவிடும். அது அந்த மாடியில் திருட்டைவிடப் பெரிய குற்றம்.

விரிவுரை நாள் வந்தது. பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கு நிரம்பி வழிந்தது. பழைய மாணவர்கள், பழைய மாணவர்களின் மாணவர்கள், கறுப்பு உடுப்பில் மனைவிமார்கள். பக்கத்துக் கூடத்தில் விருந்துக்கு சுஷித் தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவை மட்டும் அன்றைக்கு ஒழுங்காக வரிசையில் நின்றன. விரிவுரை முடிந்ததும் பூங்கொத்துக் கொடுக்கும் பொறுப்பு சயோகோவுக்கு. ஆய்வகத்தில் மற்ற எல்லாரும் ஆண்கள். ஆண்கள் தொட்டால் பூ வாடிவிடும்போலும். கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

குரெபயாஷி நன்றாகப் பேசினார். அவள் ஒப்புக்கொள்ள விரும்பாத அளவுக்கு நன்றாகப் பேசினார். இளமையில் தாங்கோ தின்னும்போது யோசனை வந்ததாக எல்லாரும் சொல்வது பொய், தனக்கு இனிப்பே ஆகாது என்றார், அரங்கு சிரித்தது. கடைசியில் அவள் வரைந்த படத்தைத் திரையில் போட்டார். நீலக் கோட்டில் மேடு.

“இருபத்தெட்டு வருஷமா நான் இதுக்காகக் காத்திருந்தேன்,” என்றார். “பாத்துட்டுத்தான் போறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் அவர் மனைவி கைக்குட்டையை எடுத்தார். கைதட்டல் ஓயவே இல்லை.

சயோகோ தட்டவில்லை. தெரிந்தே சொல்கிறான் பார், கண்ணில் தண்ணீரோடு சொல்கிறான் பார் என்று நினைத்தாள். அவர், இவர் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விட்டது.

இறுதி விரிவுரையில் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. அதில் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது. மேடையில் தொகுத்து வழங்கிய அரிமத்சு, “ஒன்றிரண்டு கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது” என்றார். ஏற்பாட்டின்படி ஒரு மூத்த மாணவர் எழுந்து, சென்செயின் ஆரோக்கியத்தின் ரகசியம் என்ன என்று கேட்டார். சைக்கிள் என்று பதில் வந்தது. அரிமத்சு நன்றி சொல்ல வாயெடுத்தார்.

சயோகோ பூங்கொத்தைக் காலடியில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். ஏப்ரல் அவள் கண்முன் வந்து போனது. போனால் போகட்டும் என்று எழுந்து நின்றாள்.

“மினெகிஷி-சான், பூக்கள் கொஞ்சம் அப்புறம்…” என்றார் அரிமத்சு சிரித்தபடி.

“கேள்வி, சார்.” ஒலிவாங்கி வரும்வரை காத்திருக்கவில்லை. “சென்செய், அந்த மேட்டுல இருக்கற நிகழ்வுகள் பதிவானப்போ, அடியில இருந்த படிகம் என்ன சொல்லுச்சு?”

குரெபயாஷி அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அரிமத்சுவைப் பார்த்தார். பிறகு மறுபடி அவளை.

“எந்தப் படிகம்?”

இதையும் நடிக்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்துவிட்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகத்தில் பயம் இல்லை, கோபம் இல்லை. புதிதாக ஒரு தரவு இருக்கிறது என்று கேள்விப்பட்டவனின் அவசரம் மட்டும் இருந்தது. பிடிபட்டவன் அப்படி நிற்கமாட்டான். அவள் பார்வை தானாக அரிமத்சுவிடம் போனது. அவர் ஒலிவாங்கியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“எந்தப் படிகம், மினெகிஷி-சான்? சொல்லுங்க.”

“தொட்டிக்கு அடியில காமா படிகம் ஒண்ணு கட்டியிருந்தோம்.” இப்போது நிறுத்தவும் முடியாது. “மேடு வரும்போது… அது பளிச்சிட்டுது.”

“எவ்வளவு ஆற்றல்ல?”

“ரெண்டு புள்ளி ஒண்ணு.”

அரங்கில் முந்நூறு பேருக்கு அது வெறும் எண். அவருக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. “ரெண்டு புள்ளி ஒண்ணு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “பெரிலியம்.” திரும்பிக் கரும்பலகையிடம் போனார்.

“சென்செய்,” என்றார் அரிமத்சு, “நேரமாகுது. பக்கத்துக் கூடத்துல எல்லாரும்…”

“அரிமத்சு, உக்காருங்க.”

அரிமத்சு உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத இடத்தில் முதலில் உட்காரப் பார்த்துவிட்டு, பிறகு நாற்காலியில்.

“படிகம் நூத்துக்கு எத்தனை பிடிக்கும்?” பலகையைப் பார்த்தபடியே கேட்டார். அவள் சொன்னாள். “மேட்டுல மொத்தம் எத்தனை?” சொன்னாள். “அதுல எத்தனை பளிச்சு?” சொன்னாள். சுண்ணாம்புக் கட்டி கிறீச்சிட்டது. அவர் மேட்டை வரைந்தார், பக்கத்தில் கணக்கை எழுதினார், கழித்தார். வழியில் ஒரு கூட்டல் பிசகியது, அவரே அழித்துத் திருத்தினார். அரங்கில் யாரோ இருமினார்கள். கணக்கு முடிந்தபோது மேட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் தான் வரைந்த மேட்டை உள்ளங்கையால் துடைத்தார்.

“இது கார்பனோட மேடு இல்ல,” என்று அரங்கைப் பார்த்துச் சொன்னார். கை வெள்ளையாக இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். “மூணு உருண்டை வரிசையா நிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காலைல தெரியும்னு நெனச்சேன். மன்னிச்சுக்கங்க.” ஆழமாகக் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். கைதட்ட வேண்டிய இடம் வந்துவிட்டது என்று எல்லாரும் தட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது பூங்கொத்து. நிரலை நிறுத்தும் தைரியம் அந்த நாட்டில் யாருக்கும் கிடையாது. ஒலிபெருக்கியில் அவள் பெயர் அழைக்கப்பட்டது.

கொத்தைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது சயோகோவின் காதெல்லாம் சுட்டது. வெட்கத்தில் சுட்டது. ஒரு மாதமாக மனதுக்குள் அவரை என்னென்ன சொல்லித் திட்டியிருந்தாளோ அத்தனையும் இப்போது அவளை நோக்கித் திரும்பி நின்றன. படிகத்தை வாரக்கணக்கில் சோதித்தவள் அவள். இந்த மனிதரைச் சோதிக்க ஒரு நிமிடம் செலவழிக்கவில்லை. யாரோ ஒட்டிய அட்டையைப் படித்துவிட்டு நடந்து போனாள்.

குரெபயாஷி பூக்களை வெள்ளைக் கையால் வாங்கிக்கொண்டார். படம் எடுக்க வேண்டும், பக்கத்தில் நில்லுங்கள் என்று கீழிருந்து யாரோ சொன்னார்கள். நின்றாள்.

“இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?” முன்னால் பார்த்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“ஜனவரில, சென்செய்.”

“எனக்குத் தெரியும்னு நெனச்சீங்களா? தெரிஞ்சே சொல்றேன்னு?”

அரிமத்சுவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கேட்டது அரிமத்சு என்ன சொன்னார் என்று அல்ல.

“ஆமா, சென்செய்.”

அவர் தலையை ஆட்டினார். கணக்கில் ஒரு எண் வந்தால் ஆட்டுவாரே, அப்படித்தான். காகிதம் சரசரக்கப் பூங்கொத்தை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டார்.

“என் ரூம் கதவு தொறந்துதானே இருந்துச்சு,” என்றார்.

புகைப்படக்காரர் இருவரையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.